தொங்கும் புஜத்துக்குக் கருவியா, கத்தியா?

கேள்வி: எனக்கு வயது 44. இரண்டு ஆண்டுகளில் 97 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு இறங்கியிருக்கிறேன். எடை குறைக்கும் ஊசி, உணவுக் கட்டுப்பாடு, நடை மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. முகமும் இடுப்பும் குறைந்துவிட்டன. ஆனால் இரண்டு புஜங்களிலும் சதை தொங்குகிறது. கையை உயர்த்தினால் ஆடுகிறது. வியர்வை தங்கி, அக்குளை ஒட்டிய மடிப்பில் அடிக்கடி புண்ணாகிறது. தோளுக்குச் சரியாக இருக்கும் சட்டையில் கை நுழைவதில்லை. ஆறு மாதம் டம்பெல் தூக்கியும் தொங்கல் குறையவில்லை. மூன்று இடங்களில் விசாரித்தேன். கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் போதும் என்றார் ஒருவர். கத்தியே வேண்டாம், குளிரூட்டும் கருவியில் சில அமர்வுகள் போதும் என்றார் இன்னொருவர். அக்குளிலிருந்து முழங்கை வரை வெட்டித் தைக்க வேண்டும் என்று மூன்றாமவர் சொன்னதும் பயந்து எழுந்து வந்துவிட்டேன். யாரை நம்புவது? செய்வதென்றால் இரண்டு கைகளுக்கும் ஒரே நாளில் செய்யலாமா? என் தங்கைக்கும் கைகளும் தொடைகளும் மட்டும் பருத்திருக்கின்றன. தொட்டாலே வலிக்கிறது, லேசாக இடித்தாலும் கன்றிப்போகிறது என்கிறாள். அவளுக்கும் இதே சிகிச்சைதானா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று இடங்களில் மூன்று பதில் கிடைத்ததற்காக மலைத்துப் போகாதீர்கள். புஜத்துக்கு இருக்கும் சிகிச்சைகளே ஏறத்தாழ இந்த மூன்று வகைதான். மூன்றும் வெவ்வேறு உடல்வாகு உள்ளவர்களுக்கானவை. கையைப் பிடித்துப் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்வது முறையல்ல. ஆனாலும் 29 கிலோ இறங்கியிருக்கிறீர்கள், தொங்கும் சதை ஆடுகிறது, மடிப்பில் புண்ணாகிறது என்பதையெல்லாம் வைத்துப் பார்த்தால், உங்களைப் பயமுறுத்தி அனுப்பிய அந்த மூன்றாமவர்தான் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

எதனால் என்பதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். முழங்கையை மடக்கி விரல்கள் மேலே பார்க்கும்படி வையுங்கள். புஜத்தின் அடியில் எது தொங்குகிறதோ அதை மறு கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடியுங்கள். பிடியில் சிக்குவது தடிமனாக, உருண்டு திரண்டு, விட்டவுடன் பழைய இடத்துக்குத் திரும்பினால் அங்கே கொழுப்பு அதிகம், தோல் நன்றாக இருக்கிறது என்று பொருள். பிடியில் இருப்பது மெல்லியதாக, இழுத்த இழுப்புக்கு வந்து, விட்ட பிறகும் சுருக்கத்தோடு நின்றால் பிரச்சினை தோலில். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். அப்போது எது மிகுதி என்பதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. கிள்ளிப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, பக்கவாட்டு மார்பு வரை தோலை இழுத்துப் பார்த்த பிறகு பேசுகிறவரைத்தான் நான் மதிப்பேன். சட்டைக்கு மேலாகவே பார்த்துவிட்டு "ஆறு அமர்வு" என்று எழுதித் தருகிறவரிடம் மறுபடி போக வேண்டியதில்லை.

டம்பெல் வீணாகவில்லை, விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் அது செய்யக்கூடியது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். புஜத்தின் தசைப் பருமனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கத்து முத்தலைத் தசையுடையது. அது வளர்ந்தால் கைக்கு வடிவு வரும், தளர்ந்த தோலுக்குள் ஓரளவு இடமும் நிரம்பும். அதற்கு மேல் தோலைச் சுருக்கும் வழி எந்தப் பயிற்சிக்கும் தெரியாது. தோலுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகள், பல ஆண்டுகள் உள்ளே கொழுப்பு நிறைந்து விரிந்திருந்ததில் அறுந்தும் சிதைந்தும் போயிருக்கும். உடல் அவற்றைப் புதிதாக நெய்துகொள்வதில்லை. வயதும் வெயிலும் புகையும் இதைக் கூட்டும். எடை எவ்வளவு வேகமாக இறங்கியதோ, எவ்வளவு அதிகமாக இறங்கியதோ, அவ்வளவுக்குத் தோல் மிஞ்சும். எடை குறைப்பு ஊசிகள் வந்த பிறகு இந்தப் புகாரோடு வருகிறவர்கள் பெருகியிருப்பதற்கும் இதுவே காரணம்.

இனி முதலாமவர் சொன்ன கொழுப்பு உறிஞ்சல், அதாவது லைப்போசக்‌ஷன். நல்ல சிகிச்சைதான், இடம் பொருந்தினால். 1987-இல் ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் விவரித்த முறையில், மரத்துப்போகும் மருந்தையும் அட்ரினலினையும் நிறைய உப்பு நீரில் கலந்து கொழுப்புக்குள் செலுத்துகிறார்கள். இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் இரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. பிறகு சில மில்லிமீட்டர் அளவுத் துளைகள் வழியே மெல்லிய குழாயை விட்டுக் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். முழங்கைக்கு அருகிலும் அக்குளிலும் புள்ளி போன்ற தழும்புகள் மட்டும் மிஞ்சும். தோல் இறுக்கமாக இருந்து, கொழுப்பு மட்டும் அதிகமாக இருக்கும் இளவயதினருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. உங்கள் நிலையில் இதை மட்டும் செய்தால் பஞ்சை எடுத்த தலையணை உறையைப் போல ஆகிவிடும்: உள்ளே இருப்பது குறையும், வெளியே தொங்குவது கூடும். தோலுக்கு மிக அருகில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் மேடும் பள்ளமுமாக நின்றுபோவதும் உண்டு. அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம்.

இரண்டாமவர் சொன்ன கருவியைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். குளிர்ச்சியால் கொழுப்பணுக்களை அழிக்கும் முறைக்கு மருத்துவ அடிப்படை உண்டு. கொழுப்பணுக்கள் தோலைவிடச் சீக்கிரம் குளிரில் சாகும். பின்வரும் வாரங்களில் உடல் அவற்றை அகற்றிவிடும். பிடிபடும் கொழுப்பு மிதமாக இருந்தால் பலன் மிதமாக இருக்கும். ஆனால் அது தோலை ஒரு அங்குலம்கூட வெட்டி எடுக்காது, உங்கள் கையில் மிஞ்சியிருப்பதோ தோல். அரிதான ஒரு பின்விளைவும் இதற்கு இருக்கிறது: குளிரூட்டிய இடத்தில் கொழுப்பு குறைவதற்குப் பதிலாகக் கெட்டிப்பட்டு வளர்ந்துவிடுவது. 2014-இல் மருத்துவ இதழில் முதன்முதலாகப் பதிவான இதற்குக் கடைசியில் அறுவை சிகிச்சைதான் தேவைப்படுகிறது. ரேடியோ அலையும் அல்ட்ராசவுண்டும் கொண்டு தோலைச் சூடாக்கி இறுக்கும் கருவிகள் இலேசான தளர்ச்சிக்கு உதவும். மடிப்பில் புண்ணாகும் அளவு தொங்கும் தோலுக்கு அவற்றால் எதுவும் செய்ய முடியாது. கொழுப்பைக் கரைக்கும் ஊசி என்று யாராவது டிஆக்சிகோலிக் அமிலத்தைக் காட்டினால், அமெரிக்காவில் 2015-இல் அதற்கு அனுமதி கிடைத்தது தாடைக்கு அடியில் உள்ள கொழுப்புக்கு மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆக, வெட்டாமல் தோல் குறையாது. வெட்டினால் தழும்பு இல்லாமல் இராது. உங்கள் கேள்வி முழுவதும் கடைசியில் இந்த ஒரு பேரத்தில் வந்து நிற்கிறது.

பிராக்கியோபிளாஸ்டி என்னும் மேற்கைச் சீரமைப்பு அறுவை சிகிச்சை புதிதல்ல. அழகுக்காக இதைச் செய்யும் முறையை 1954-இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த கொரேயா இட்டுராஸ்பே, ஃபெர்னாண்டஸ் இருவரும் எழுதினார்கள். நெடுங்காலம் இதற்கு நல்ல பெயர் இல்லை. தழும்பு அகலமாகும், கீழே இறங்கிவிடும், கை மறுபடி தொங்கும் என்ற புகார்கள் இருந்தன. 1995-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் டெட் லாக்வுட், தோலுக்கு அடியில் உள்ள இழைப் படலத்தை அக்குள் பகுதியின் உறுதியான திசு உறையோடு சேர்த்துத் தைத்துத் தாங்கலாக்கும் முறையை விவரித்தார். இழுவிசையைத் தோல் தாங்காமல் உள்திசு தாங்குவதால் தழும்பின் தரம் கூடியது. இன்று செய்கிறவர்கள் பலர் இந்தக் கருத்தை ஏதேனும் ஒரு வடிவில் பின்பற்றுகிறார்கள்.

மயக்க மருந்துக்கு முன், உங்களை நிற்க வைத்தோ உட்கார வைத்தோ, கையைத் தூக்கச் சொல்லிப் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்துவிட்டால் சதை சரிந்து அளவு மாறிவிடும். அதனால் இந்தக் கோடு போடுவதற்கு அவசரப்படுகிறவரை எனக்குப் பிடிக்காது. பெரும்பாலும் முதலில் கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சி அந்த இடத்தைத் தளர்த்திக்கொண்டு, பிறகு மிஞ்சிய தோலை நீள்வட்டமாக எடுப்பார்கள். இங்கேதான் கைத்திறன் தெரியும். வெட்டத் தொடங்கியதும் கை வீங்கத் தொடங்கிவிடும். கோடு முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டித் திறந்துவிட்டால், மூடும்போது தோல் போதாமல் போகலாம். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் வெட்டி, அந்த இடத்தை மூடி, அடுத்த துண்டுக்குப் போவார்கள். அக்குளில் கோட்டை நேராகக் கொண்டுபோகாமல் வளைத்தோ முறித்தோ விடுவார்கள். நேர்க்கோட்டுத் தழும்பு இறுகினால், கையைத் தூக்கும்போது கயிறு கட்டியதுபோல இழுக்கும். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

தழும்பு எங்கே இருக்கும் என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கையின் உட்புறத்தில், இருதலைத் தசைக்குக் கீழுள்ள பள்ளத்தில் வைத்தால் கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது யாருக்கும் தெரியாது. பின்பக்கத்தில் வைத்தால் எதிரே நிற்பவருக்குத் தெரியாது, பின்னால் வருகிறவருக்குத் தெரியும். நான் உட்புறத்தின் பக்கம். நீங்கள் எதை விரும்புகிறீர்கள் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். கையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் தளர்ச்சி இருப்பவர்களுக்கு அக்குள் மடிப்புக்குள்ளேயே மறையும் குட்டித் தழும்போடு முடித்துவிடலாம். தளர்ச்சி முழங்கை வரை இருப்பவருக்கு இதைச் செய்தால் பலன் அக்குளோடு நின்றுவிடும். மாறாக, அக்குளைத் தாண்டி மார்பின் பக்கவாட்டிலும் தோல் தொங்கினால் கோடு அதுவரை நீளும். நிறைய எடை இறங்கியவர்களுக்கு இந்த நீட்டிப்பு பல நேரங்களில் தேவைப்படுகிறது. உங்கள் மடிப்புப் புண் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதைச் செய்வதற்கு முன் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் தரும் வீட்டு வேலை ஒன்று உண்டு. எளிதில் அழியாத பேனாவால் அக்குளிலிருந்து முழங்கை வரை, கையின் உட்புறத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அழிய அழியப் புதுப்பித்துக்கொண்டு ஒரு வாரம் அதோடு வேலைக்குப் போங்கள், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடியுங்கள், துணி உலர்த்துங்கள். கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தால், தொங்கும் கையே தேவலை என்று தோன்றினால், அதுவும் ஒரு தெளிவுதான். கோடு இருப்பதையே பாதி நேரம் மறந்துவிட்டால் அறுவைக்கு நீங்கள் தயார். தழும்பு உண்மையில் பேனாக் கோடு அளவு மெலிதாக இருக்கும் என்று நான் உறுதி தரவில்லை. முதல் சில மாதங்கள் அது சிவந்தோ கறுத்தோ தடித்தே நிற்கும். அடங்கி வெளிற 12 முதல் 18 மாதங்கள் ஆகும். நிறம் கூடிய தோலில் கருமை இன்னும் நெடுநாள் தங்கும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்குத் தழும்பு மேடாக வளர்ந்த வரலாறு இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சிலிக்கான் ஜெல், ஒட்டும் பட்டைகள், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி என்று தழும்பைக் கவனிக்க வழிகள் இருக்கின்றன. தழும்பு புண்ணின் எல்லையையும் தாண்டி மேடாக வளரும் கெலாய்டு வரும் உடம்பு என்றால் இந்த அறுவையே வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவதும் உண்டு.

அடுத்து, மயக்கம் தெளிந்த பிறகு வரக்கூடிய தொல்லைகள். அக்குளுக்கு அருகில் தையல் சிறிது விலகிக் கட்டு மாற்றும்படி ஆவது சாதாரணமாக நடக்கிறது. தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொண்டால் ஊசியால் எடுத்துவிடலாம். தொற்று, இரத்தக் கட்டு, கை நீண்ட நாள் வீங்கியிருப்பது ஆகியவை குறைவாக வரும். அதிகம் பேசப்படாத ஒன்று நரம்பு. முன்கையின் உட்பக்கத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு, புஜத்தில் ஒரு பெரிய சிரையை ஒட்டியபடி இறங்கி, முழங்கை எலும்பு முனைக்குச் சராசரியாக 14 செ.மீ. மேலே ஆழ்ந்த உறையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு அடியில் வந்துவிடுகிறது. தோல் எடுக்கும் இடமும் அதுதான். கொஞ்சம் கொழுப்பை அதன்மேல் பாதுகாப்பாக விட்டுவைத்து வெட்டுவார்கள். அப்படியும் சிலருக்கு முன்கையில் மரமரப்பு வரும். பெரும்பாலும் மாதக்கணக்கில் சரியாகிவிடும், சிலருக்கு நிற்கும்.

தேதி கேட்பதற்கு முன் உங்கள் எடை குறைந்தது ஆறு மாதம் ஒரே அளவில் நின்றிருக்க வேண்டும். 68 என்பது நிற்கும் இடமா, இன்னும் இறங்கும் வழியா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இன்னும் இறங்கினால் தோல் மறுபடி மிஞ்சும். ஊசியை நிறுத்தி எடை ஏறினால் தைத்த தோல் மறுபடி விரியும். ஊசி செமாகுளுடைட் வகையைச் சேர்ந்தது என்றால் மயக்க மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரைப்பை காலியாவதை அது தாமதப்படுத்துவதால், பட்டினியாக வந்தாலும் வயிற்றில் உணவு இருக்கக்கூடும். குறைவாகச் சாப்பிட்டு இறங்கியவர்களுக்குப் புரதமும் இரும்புச் சத்தும் குறைந்திருப்பது வழக்கம், அவை இல்லாமல் புண் ஆறாது. இரத்தப் பரிசோதனை முதலில் நடக்கட்டும். சர்க்கரை நோய் இருந்தால் கட்டுக்குள் வரட்டும். புகைக்கிறவராக இருந்தால் முன்னும் பின்னும் நான்கு வாரம் முழுமையாக நிறுத்த வேண்டும். மடிப்பில் இருக்கும் புண் ஆறாமல் கத்தியே வைக்கக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்திருக்கிறார்கள் என்றால், அந்தக் கையில் வீக்கம் நிரந்தரமாகும் ஆபத்து இருப்பதால் நான் இந்த அறுவையைப் பரிந்துரைப்பதில்லை.

உங்கள் தங்கையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் பேனாவை வைத்துவிட்டு மறுபடி படித்தேன். அவருக்கு இருப்பது வேறு. கைகளும் தொடைகளும் மட்டும் இருபக்கமும் ஒரே அளவில் பருத்து, உள்ளங்கையும் பாதமும் இயல்பாக இருந்து, தொட்டால் வலித்து, இலேசாக இடித்தாலே கன்றினால் லிப்பெடிமா என்ற நோயை நினைக்க வேண்டும். இது ஏறத்தாழ பெண்களுக்கு மட்டுமே வருகிறது. பூப்பு, கர்ப்பம், மாதவிடாய் நிற்றல் என்று ஹார்மோன் மாறும் காலங்களில் தொடங்கவோ கூடவோ செய்கிறது. உணவைக் குறைத்தால் மற்ற இடம் இளைக்கும், இந்த இடம் அவ்வளவாக இளைக்காது. "சாப்பாட்டைக் கட்டுப்படுத்து" என்று வருடக்கணக்கில் திட்டு வாங்கியிருப்பார். அழுத்தம் தரும் உடை, நீச்சல் போன்ற பயிற்சி, நிணநீர் வடிய உதவும் இயன்முறை மருத்துவம் ஆகியவற்றில் தொடங்கி, தேவைப்பட்டால் நிணநீர்க் குழாய்களைக் காக்கும் விதத்தில் கொழுப்பு உறிஞ்சலுக்குப் போவார்கள். இதை அறிந்த மருத்துவரிடம் அவரை முதலில் அனுப்புங்கள். அழகு நிலையத்துக் கருவிக்கு அவர் கை போகக் கூடாது. ஒரு கை மட்டும் புதிதாக வீங்கியிருந்தால் தாமதமே வேண்டாம்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது சிரிக்கும் முகங்களின் படங்களால் பயனில்லை. கையைத் தூக்கிய நிலையில், ஓராண்டுக்குப் பிறகு எடுத்த, உங்கள் நிறத்தை ஒத்த தோலில் உள்ள தழும்பின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையில் முறையான பட்டம் பெற்றவரா, மயக்க மருத்துவர் முழு நேரமும் உடன் இருப்பாரா, தையல் விலகினால் யார் பார்ப்பார்கள், அதற்குத் தனிக் கட்டணமா என்றும் கேளுங்கள். கேள்வி கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடமென்றால் விடையே கிடைத்துவிட்டது.

இரண்டு கைகளுக்கும் ஒரே நாளில் செய்யலாம், பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம். ஒரே மயக்கத்தில் முடியும், இரண்டு கைகளும் அளவில் ஒத்து வரும். முதல் சில நாட்கள் கைகளைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். எழுந்து நடப்பதை அன்றைக்கே தொடங்கலாம். சட்டைக் கை போல புஜத்தை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடையை நான்கு முதல் ஆறு வாரம் போட வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு வாரத்தில் திரும்பலாம். வாளித் தண்ணீர், சிலிண்டர், குழந்தை என்று எடை தூக்குவது ஆறு வாரம் வரை ஆகாது. ஒரு கை நன்றாக இருந்தால் சமாளித்துவிடலாம், இரண்டிலும் கட்டுப் போட்டிருக்கும்போது தலை வாரிக்கொள்வதற்கும் உடை மாற்றுவதற்கும் மேலலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுப்பதற்கும்கூட இன்னொருவர் வேண்டும். குறைந்தது ஒரு வாரம் கூடவே தங்கக்கூடிய அந்த ஆள் யார் என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டு, அதற்குப் பிறகு தேதி வாங்குங்கள்.